பிரசங்கம் முடியும்வரை

போதகர் மேடையேறி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் நுனியால் நிதானமாகத் துடைத்தபோதே இங்கெலாவுக்குத் தெரிந்துவிட்டது, இது சீக்கிரத்தில் முடிகிற காரியமல்ல என்று. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாடகி பாடாமல் இருக்கும்போதும் பாடகியாகத்தான் உட்கார வேண்டும். கொட்டாவி வந்தால் மென்று விழுங்க வேண்டும், மூக்கு அரித்தால் அரிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். எதிரே ஊர் முழுக்கக் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை, பிற்பகல். ஸ்வீடனின் மேற்குக் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர், கல்லால் கட்டிய பழைய தேவாலயம், கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் ஒரு சின்ன மரக்கப்பல், மீனவர் காணிக்கை, வெளியே மழையா பனியா என்று தனக்கே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் முந்நூறு வருஷத்துப் பழைய இசையில் முதல் பாதி முடிந்திருந்தது. இரண்டாம் பாதிக்கு முன் பிரசங்கம். அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்ததாம். அதனால் இன்றும் அப்படியே நடக்க வேண்டும் என்று குழுவை நடத்தும் ஸ்டெல்லான் ஒற்றைக் காலில் நின்றான். பழைய இசைக்காரர்களுக்கு எல்லாமே அந்தக் காலத்தில் இருந்தபடி இருக்க வேண்டும்: ஆட்டுக்குடல் நரம்பு கட்டிய வயலின், அரை ஸ்வரம் தாழ்ந்த சுருதி, நடுவில் பிரசங்கம். கழிப்பறை மட்டும் இந்தக் காலத்தது போதும். இதையெல்லாம் நினைத்து இன்னொரு நாளாக இருந்தால் இங்கெலா உள்ளுக்குள் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பிரசங்கம் முடிந்ததும் இரண்டாம் பாதி ஒரு சோப்ரானோவின், அதாவது உச்சக் குரல் பாடகியின், தனிப்பாட்டில் தொடங்குகிறது. அந்தப் பாட்டை அவள் பாடப்போகிறாளா இல்லையா என்பது அவளுக்கே இன்னும் தெரியாது.

போதகர் தன் வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் பழுதான கதையில் ஆரம்பித்தார். சின்ன வயதுப் பெண், சிவந்த கன்னம், கனிவான குரல். அந்த இயந்திரத்திலிருந்து எப்படிக் கல்வாரிச் சிலுவைக்குப் போய்ச் சேரப்போகிறார் என்று இங்கெலா கொஞ்ச தூரம் கூடப் போய்ப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். குளிர் கல்தரையிலிருந்து காலணிக்குள் ஏறி முழங்கால்வரை வந்துவிட்டது. கறுப்புக் கவுனுக்குள் இரண்டு கம்பளிக் காலுறை போட்டிருந்தும் ஏறியது. காலுக்கு வந்தால் பரவாயில்லை, தொண்டைக்கு வராமல் இருக்க வேண்டும். பாடிச் சூடான தொண்டையை இப்படிச் சும்மா உட்கார வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சி மாதிரி மேலே ஆடை கட்டிக்கொள்ளும். வாயை மூடிக்கொண்டே எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். இருக்கிறது. எது இருக்கிறது? ஏதோ இருக்கிறது, இன்னும் இருக்கிறது. முதல் பாதியில் வந்ததே, அது மறுபடி வருமா? வரும். மூன்றாவது பாட்டில், நீண்டு நிற்க வேண்டிய இடத்தில், குரல் அசைந்தது. யாரோ மேஜையை முட்டிவிட்டால் டம்ளர் தண்ணீர் அசைகிற அளவுதான். ஆப்பராக்காரிக்குக் குரல் அசைந்தால் அது சொத்து, அதற்காகத்தான் ஜனங்கள் காசு கொடுத்து வருகிறார்கள். இவளுடைய தொழிலில் அசையக் கூடாது. நூல் பிடித்த மாதிரி நிற்க வேண்டும், நேராக, வெறுமையாக. இவள் பெயர் வாங்கியதே அதில்தான். அசைந்தபோது லூட் என்கிற பழைய நரம்பு வாத்தியம் வாசிக்கிற கிழவர் யூரன் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதுதான் உறுத்தியது. சாதாரணமாக அவர் எல்லாவற்றுக்கும் தலையைத் தூக்குகிற ஆள்.

காலையில் பாதிரிமார் உடை மாற்றும் அறையில் வைத்து ஸ்டெல்லான் சொன்னான். சொல்வதற்கு முன் தனக்கு ஒரு கோப்பைக் காபி, அவளுக்கு ஒரு கோப்பை வெந்நீர் என்று ஊற்றி வைத்தான்; அவன் அப்படி ஊற்றினாலே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "இங்கெலா, இரண்டாம் பாதி முதல் பாட்டு. நீ பாடினா சந்தோஷம். குளிர்ல உட்கார்ந்து உடனே எந்திரிச்சுப் பாடறது கஷ்டம்னு தோணினா, கோரஸ்ல பாடற தூவாவும் தயார் பண்ணி வச்சிருக்கா." "எப்போ தயார் பண்ணினா?" என்று கேட்டாள். "சும்மா ஒரு முன்னேற்பாடுதான்." "எப்போன்னு கேட்டேன்." அவன் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலோரம் யாரோ குவளையில் பிர்ச் கிளைகளை வைத்து மஞ்சள் இறகும் ஊதா இறகும் கட்டியிருந்தார்கள், ஈஸ்டர் அலங்காரம். "போன மாசம்" என்றான் ஸ்டெல்லான். "யாரும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். பிரசங்கம் முடிஞ்சதும் நீ எந்திரிச்சா நீ பாடு. நீ உட்கார்ந்தே இருந்தா தூவா எந்திரிச்சுக்குவா. கேக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." எவ்வளவு நாசூக்கு! அடிக்கிற கைக்கும் கையுறை போட்டுவிட்டுத்தான் அடிப்பான். ஆனால் கெட்டவனில்லை. ஹாலந்தில், உத்ரெக்த் நகரத்தில், இசை படிக்கப் போய் எல்லோரும் ஒரே வீட்டில் மரச் செருப்பும் பருப்பு சூப்புமாகக் கிடந்த காலத்திலிருந்து தெரிந்தவன். இவளுக்கு மகள் பிறந்தபோது மூன்றாம் வாரமே ஒத்திகைக்குக் கூப்பிட்டவன். குழந்தையை ஹார்ப்சிகார்டு என்கிற பழைய பியானோவின் அடியில் கூடையில் போட்டுவிட்டு இவள் பாடினாள். குழந்தை அழவில்லை. இன்றைக்கும் மகள் மாலின் எந்தச் சத்தத்திலும் தூங்குவாள், அம்மா கச்சேரிக்கு வந்தால் முதல் வரிசையிலேயே தூங்குவாள். "அம்மா, உன் குரல் கேட்டா எனக்கு உடனே தூக்கம் வந்துடுது, கோவிச்சுக்காதே" என்பாள். கோவிக்கவில்லை. இதைவிட நல்ல விமர்சனம் எங்கே கிடைக்கும். மற்றவர்கள் எழுதியதெல்லாம் பனி, பனி, பனி. பனிபோல் தூய, பனிக்கட்டிபோல் தெளிந்த, வடக்கு வானம்போல் குளிர்ந்த. ஸ்வீடன்காரி என்றால் பனி. இத்தாலிக்காரி என்றால் வெயிலாம். இவள் ஒரு தடவையும் பனியை நினைத்துப் பாடியதில்லை. பனியை அள்ளிப் போடுவது அப்பாவின் வேலை, ஊராட்சிப் பனி வண்டி ஓட்டினார், வீட்டுக்கு வரும்போது டீசல் நாற்றத்தோடு வருவார், பனி என்றால் அவளுக்கு டீசல்.

இயேசுவைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டுப் பிலாத்து கை கழுவினான் என்று போதகர் சொல்வது காதில் விழுந்தது. ஆ, இயந்திரத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டார், கெட்டிக்காரிதான். கை கழுவுதல். குரலைக் கை கழுவுதல். இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் ஆசிரியை காரின் இவள் பாடியதைக் கேட்டுவிட்டு மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே, "குரல் நல்லாத்தான் இருக்கு, சமையலறைக்குப் போதும்" என்றாள். மூன்று தெரு தள்ளிப் போய் ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. பேருந்து வந்தது, போயிற்று, அடுத்தது வந்தது. சின்னக் குரல். பெரிய அரங்கத்தில் கடைசி வரிசைக்குப் போகாத குரல். ஆனால் மூன்று வாத்தியம் வைத்து ஒரு கல்மண்டபத்தில் பாடினால் அதே குரல் சுவரெல்லாம் போய் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. அதை ஸ்டெல்லான்தான் கண்டுபிடித்தான், அல்லது அந்தச் சுவர்கள் கண்டுபிடித்தன. பிறகு அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்த இசைத்தட்டு. அதன் பிறகு ஊர் ஊராக, ஓட்டல் ஓட்டலாக, திறக்க முடியாத ஜன்னல், அறையைச் சூடாக்கும் இயந்திரம் நின்றால் தொண்டை கெடும், ஓடினாலும் தொண்டை கெடும். ஜப்பானில், ஒசாகாவில் ஒரு கிழவர் கையெழுத்து வாங்கிவிட்டுக் குனிந்தார், நிமிரவேயில்லை, இவளும் எதிரே குனிந்துகொண்டு எப்போது நிமிர்வது என்று தெரியாமல் நின்றாள். அன்றைக்கு முதுகு வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது, அதே இடத்தில். எத்தனை வருஷம் இப்படி நேராக உட்கார்ந்தாயிற்று. அலுத்துவிட்டது. பாட்டு அலுக்கவில்லை, பாட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் அலுத்துவிட்டது. தெளிவாக இருந்து இருந்து அலுத்துவிட்டது. கலங்கலாக ஒரு நாள் இருந்தால் என்ன? இருந்தால் என்ன என்று கேட்பது சுலபம், எழுந்து நின்று அந்த முதல் ஸ்வரத்தை ஒன்றுமில்லாததிலிருந்து எடுத்து, மெல்லப் பெருக்கி, மெல்லக் குறைத்து, அது நடுங்குவதை ஊரே கேட்பது வேறு. அதன் பிறகு எல்லாரும் அன்பாக இருப்பார்கள். அந்த அன்பை நினைத்தால்தான் பயம். கச்சேரி முடிந்து காபி நேரத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு உருக்கமா இருந்தது இன்னிக்கு" என்பார்கள். உருக்கம். அவளைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை.

அம்மா சாவிலும் ஒருத்தி அப்படித்தான் கையைப் பிடித்தாள். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தாள், முதல் வரிசையில் ஒருவர் அதைப் போதகருக்கு ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு தானும் தலையசைத்தார். நினைக்க வேண்டாம் என்றால் நிற்குமா? வடக்கே, அவள் பிறந்த ஊர், பிப்ரவரி. மண்ணே உறைந்து கிடந்தது. அம்மாவுக்குப் பிடித்த கீதத்தின் முதல் அடியை இவள் துணையில்லாமல் தனியாகப் பாடுவது, இரண்டாம் அடியில் ஆர்கனும் சபையும் சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. ஆர்கன் வாசிப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், பயந்த மனுஷர், "ஸ்வரம் எடுத்துக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், எனக்குத் தெரியும்" என்றாள். தெரியும் என்றுதான் நினைத்தாள். உலகமெல்லாம் பாடுகிறவளுக்கு ஊர்க் கோவிலில் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? பாடினாள். நன்றாகவே பாடினாள். இரண்டாம் அடிக்கு ஆர்கன் சேர்ந்தது, அரை ஸ்வரம் மேலே. வாத்தியார் மிரண்டு நிறுத்தினார், மறுபடி தொட்டார், மறுபடி அதே அரை ஸ்வரம். தப்பு அவர்மேல் இல்லை. இவள் உடம்பு ஆண்டுக்கணக்காகப் பழைய சுருதியிலேயே ஊறிப்போய், எங்கே கூப்பிட்டாலும் அங்கேயே போய் நிற்கப் பழகிவிட்டது. கடைகளில் ஒலிக்கிற பாட்டெல்லாம் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் மேலே இழுத்துக் கட்டிய மாதிரி கேட்கும், அதற்குப் பழகியிருந்தாள். ஆனால் அம்மாவின் சவப்பெட்டிக்கு முன்னால் அது வந்து காலை வாரும் என்று எதிர்பார்க்கவில்லை. சபை ஆர்கனோடு போனது. அவள் நடுவில் நின்றாள், மேலே போகவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல். பெரியம்மா எழுந்து வந்து கையைப் பிடித்தாள். "பரவாயில்லை கண்ணு, அழுகையில பாட்டு எங்க வரும்." அவள் அழவேயில்லை. சுத்தமான சுருதியில் நின்றிருந்தாள், அந்தச் சுருதியில் அந்த ஊரில் வேறு யாருமில்லை, அவ்வளவுதான். வெளியே வந்ததும் தம்பி லென்னார்ட் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "ஜப்பான்ல எல்லாம் பாடறே, அம்மாவுக்கு மட்டும் சேரலையே" என்றான். கேலியாகத்தான் சொன்னான். கேலிதான். கேலி என்றுதான் அப்போதும் எடுத்துக்கொண்டாள், இப்போதும் எடுத்துக்கொள்கிறாள், எடுத்துக்கொண்டே இருக்கிறாள். அதை விளக்க முடியாது. பழைய சுருதி, புதுச் சுருதி என்று பனி வண்டி ஓட்டுகிறவனிடம், அப்பா வேலையை அவன்தான் பார்க்கிறான், எப்படி விளக்குவது? விளக்கினாலும் சேராதது சேராததுதான்.

எதிர்ப்பக்கம், கோரஸ்காரர்கள் வரிசையின் ஓரத்தில் தூவா உட்கார்ந்திருந்தாள். அவள் குளிரில் விறைக்கவில்லை, வயது அப்படி. மடியில் பாட்டுக் கோப்பு, அதன்மேல் சப்பையான பெரிய கைகள். இடைவேளைகளில் காலுறை பின்னுவாள், யாருக்கென்று கேட்டால் யாருக்கானாலும் என்பாள். நல்ல பெண். ஒத்திகையின் முதல் நாளே நேரே வந்து, "உன் இசைத்தட்டைக் கேட்டுத்தான் நான் பாட வந்தேன். எங்க அம்மா வயித்துல இருக்கும்போதே கேட்டேனாம்" என்றாள். புகழ்ச்சிதான், ஆனாலும் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த நாட்டில் பெரியவர் சிறியவர் எல்லாரும் எல்லாரையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் ஒன்றும் குறையில்லை. குறை வேறு இடத்தில். அந்த இசைத்தட்டில் ஒரு வார்த்தையின் நடுவில் இவள் மூச்சு வாங்கியிருப்பாள். அன்றைக்கு ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது, மூச்சு எட்டவில்லை. தூவாவும் அதே வார்த்தையின் நடுவில் மூச்சு வாங்குகிறாள். ஏனென்று கேட்டதற்கு, "அதுதானே சரியான பாணி? கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கறாங்க" என்றாள். முந்நூறு வருஷத்துப் பழைமைக்குள் இவளுடைய ஒரு ஜலதோஷமும் சேர்ந்துவிட்டது. சொல்லித் திருத்தியிருக்கலாம், சொல்லவில்லை. தூவாவின் குரல் நிற்கிறது, போட்ட இடத்தில் நிற்கிறது, அதை எடுத்து வைக்கிற கவலையே இல்லாமல் நிற்கிறது. இந்தப் பாட்டை நன்றாகப் பாடுவாள். அதை நினைத்தபோது இங்கெலாவுக்கு ஆச்சரியமாக ஒரு நிம்மதி வந்தது, வெந்நீரில் காலை விட்ட மாதிரி. கொடுத்துவிடலாமே! இதற்குப் போய் ஏன் இத்தனை நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம்? யாரும் பிடுங்கவில்லை, கேட்கக்கூட இல்லை, நானாகக் கொடுக்கிறேன். எழுந்திருக்க வேண்டாம். இந்த நாற்காலி, இந்த ஆட்டுத்தோல் விரிப்பு, இந்த இரண்டு காலுறை. இனி ஒசாகா இல்லை, ஜன்னல் திறக்காத அறை இல்லை. எப்படிக் கொடுப்பது என்றும் பார்த்துவிட்டாள். ஆமென் சொன்னதும் ஸ்டெல்லான் அவளைப் பார்ப்பான், பார்க்கத்தான் வேண்டும், அதுதானே ஏற்பாடு. அவள் மிக லேசாகத் தலையை அசைப்பாள், இல்லை என்று. கூடவே ஒரு புன்னகை, பல் தெரியாமல். உத்ரெக்த் வீடு, சூப், கூடையில் குழந்தை எல்லாம் அவனுக்கும் அந்தக் கணம் ஞாபகம் வரும். பிறகு அவன் மெல்லத் தூவா பக்கம் திரும்புவான். அந்தத் தலையசைப்பைக் கழுத்துக்குள்ளேயே ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மெல்ல, என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"ஆமென்" என்றார் போதகர். சபை தொண்டையைச் செருமிற்று, பெஞ்சுகள் முனகின, போதகர் படி இறங்குகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டு ஓய்ந்தது. யூரன் லூட்டின் நரம்புகளைத் தொட்டுப் பார்த்து, இரண்டை முறுக்கி, காதை வைத்துக் கேட்டு, சரி என்று நிமிர்ந்தார். இங்கெலா தலையை நேராக்கி, புன்னகையை உதட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்டெல்லானைப் பார்த்தாள். ஸ்டெல்லான் ஏற்கெனவே தூவா பக்கம் திரும்பி நின்றான். முதுகு முழுவதும் இவள் பக்கம் இருந்தது. கையை உயர்த்தி, உள்ளங்கை மேலே பார்க்க, வா என்பதுபோல் விரல்களை மடக்கினான். தூவா பாட்டுக் கோப்பைத் திறந்துகொண்டு எழுந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, யூரனுக்குத் தெரிந்திருந்தது, எல்லாருக்கும் காலையிலேயே தெரிந்திருந்தது. நீ எழுந்தால் நீ பாடு என்றதெல்லாம் வெறும் மரியாதைக்கு. இங்கெலாவின் புன்னகை வாங்க ஆளில்லாமல் முகத்திலேயே நின்றது. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் எங்கே இருந்ததென்று தெரியாத, டீசல் நாற்றம் அடிக்கிற கோபம். கொடுக்கத்தானே இருந்தேன்! கொடுப்பதற்குள் எடுத்துக்கொண்டார்களே! லூட் ஆரம்பித்துவிட்டது. குளிரில் மரத்த கால்களை ஊன்றி அவள் எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் நகர்ந்து கல்லில் கிறீச்சென்றது. ஸ்டெல்லான் திரும்பினான். முகத்தில் ஈயாடவில்லை. தூவா இவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். இங்கெலா யாரையும் பார்க்காமல் மூச்சை எடுத்து முதல் ஸ்வரத்தை விட்டாள். அது நடுங்கிற்று. முதலிலிருந்தே நடுங்கிற்று, பெருகும்போது இன்னும் நடுங்கிற்று, ஒளித்து வைக்க இடமில்லாத அந்தக் கல்மண்டபத்தில் சுவர்கள் அதை அப்படியே வாங்கி எல்லாருக்கும் காட்டின. அவள் நிறுத்தவில்லை. தூவாவால் உட்கார முடியவில்லை. இப்போது உட்கார்ந்தால் தோற்றவள் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். கழுத்துவரை சிவந்துபோய், கோப்பைத் திறந்தபடி, வாயை மூடிக்கொண்டு நின்றாள். கேட்பவர்கள் இது இருவர் பாடும் பாட்டு, அவளுடைய முறை பின்னால் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவளுடைய முறை வராது. பாட்டு முடிகிறவரை அவள் அப்படியேதான் நிற்க வேண்டும். ஒரு சின்னப் பெண்ணுக்கு இதைச் செய்திருக்கக் கூடாது. அதற்கான வருத்தம் வரும், வராமல் போகாது, காபி நேரத்துக்குள் வந்துவிடும். எதிரே தூவா, பழக்கத்தில், சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பினாள். இங்கெலா அடுத்த வரிக்கு மூச்சு வாங்கினாள்.